ஜெனோவாவில் ஆறு நாள்: இரண்டு பேர், மூன்று நல்ல முழங்கால்

#1 மலைக்கோட்டை மணி

ஏப்ரலில் நானும் மனைவியும் இத்தாலி போகிறோம் என்று இங்கே ஆலோசனை கேட்டிருந்தேன், நினைவிருக்கும். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் மூன்றையும் எட்டு நாளில் முடிக்க ஆளுக்கொரு திட்டம் போட்டுக் கொடுத்தீர்கள். மனமார்ந்த நன்றி. ஒன்றையும் கடைப்பிடிக்கவில்லை. மிலானில் மகன் வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு, ரயிலேறி இரண்டு மணி நேரத்துக்குள் ஜெனோவா போய் இறங்கினோம். ஆறு இரவும் அந்த ஒரே ஊர்தான்.

சொந்தக்காரர்கள் யாருக்கும் ஊர்ப்பெயர் பிடிபடவில்லை. எல்லோருக்கும் அது ஜெனீவாதான். ஐ.நா. கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லி மைத்துனர் இன்னும் நச்சரிக்கிறார்.

ஏன் ஒரே ஊர் என்றால், மனைவிக்கு இடது முழங்கால் தேய்மானம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாற முடியாது. கடலோர ஊர்தானே, தரை சமமாக இருக்கும், காலாற நடக்கலாம் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே சமதரை என்பது துறைமுகத்தை ஒட்டிய ஒரு பட்டை. மற்றதெல்லாம் மலைச்சரிவில் கொலு மாதிரி அடுக்கி வைத்த வீடுகள். படியேறக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஆளைப் படிக்கட்டு ஊருக்கே கூட்டிப்போன புத்திசாலி நான்.

முதல் நாளே கூத்து. நாங்கள் தங்க வேண்டிய வீட்டு எண் 23. பழைய நகரத்துச் சந்துக்குள் பெட்டியை உருட்டிக்கொண்டு போய் 23ஐக் கண்டுபிடித்தால், அது ஒரு சாவிக்கடை. கடைக்காரர் ராவிக்கொண்டிருந்த சாவியிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "ரோஸ்ஸோ, ரோஸ்ஸோ" என்று தன் கதவின் மேலிருந்த எண்ணைக் காட்டினார். சிவப்பு மையில் 23. அப்புறம் சந்தின் கோடியைக் காட்டி "நேரோ" என்றார். ஒரே தெருவில் இரண்டு 23! எங்கள் 23 கறுப்பு. அதற்கு இன்னும் நூறு தப்படி போக வேண்டியிருந்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

#2 அவசரக்குடுக்கை

ஆறு இரவா?! மணி சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், இது அநியாயம். அங்கிருந்து சின்க்கே தெர்ரே என்ற கடலோரக் கிராமங்களுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்குக்கூடப் போகவில்லையா? ஜெனோவாவுக்கு ஒரு பகல் போதும். நான் 2019இல் காலை பத்து மணிக்கு இறங்கி, மீன் காட்சியகம், கொலம்பஸ் வீடு இரண்டையும் பார்த்துவிட்டு மாலை ஆறு மணிக்கு ரயிலேறிவிட்டேன். ஊர் கொஞ்சம் அழுக்கு. சந்துகளில் நட்டநடுப் பகலிலும் வெளிச்சம் கிடையாது. வெனிஸ் பக்கத்தில்கூட வராது.

#3 டூரின்வாசி

அவசரம், நீங்கள் பார்த்தது கொலம்பஸ் இருந்த வீடுகூட இல்லை ஐயா. 1684இல் பிரெஞ்சுக் கப்பற்படை குண்டு போட்டதில் பழைய வீடு போய்விட்டது. இப்போது நிற்பது 18ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியது. அதன் பக்கத்திலேயே இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் போர்த்தா சொப்ரானா வாசல் 12ஆம் நூற்றாண்டு. அதைப் பார்த்தீர்களோ இல்லையோ!

மணி சாருக்கு: சிவப்பு எண் கடைகளுக்கும் தரைத்தளத்து வாசல்களுக்கும், கறுப்பு எண் குடியிருப்புக்கு. இரண்டும் தனித்தனி வரிசை. ஃபிளாரன்ஸிலும் இந்த வழக்கம் உண்டு. முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன "ஆர்" இருந்தால் சிவப்பு என்று அர்த்தம். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், நானே போன வருடம் தப்பான கதவைத் தட்டினேன்.

அந்தச் சந்துகளுக்கு உள்ளூர்ப் பெயர் கருஜ்ஜி. இருட்டு என்று குறை சொல்கிறார்கள், வாஸ்தவம்தான். ஆறேழு மாடிக் கட்டடங்கள் இரண்டு பக்கமும், நடுவில் கை நீட்டினால் சுவர். ஆனால் அதே ஊரில் வீயா கரிபால்டி தெருவும் இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பெரும் வணிகக் குடும்பங்கள் திட்டம் போட்டு வெட்டிய தெரு, இரண்டு பக்கமும் அரண்மனைகள். அன்றைக்கு ஜெனோவா குடியரசு, ராஜா கிடையாது. அரசு விருந்தாளி வந்தால் தங்கவைக்க அரண்மனை வேண்டுமே? 1576இல் ஒரு பட்டியல் போட்டார்கள். பட்டியலில் உங்கள் வீடு இருந்தால், வருகிறவரின் அந்தஸ்துக்கு ஏற்ப நீங்கள் விருந்து வைத்தாக வேண்டும். ரோல்லி என்று அந்தப் பட்டியலுக்குப் பெயர். அந்த அரண்மனைகளில் 42ஐ 2006இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஓவியர் ரூபன்ஸ் இவற்றில் மயங்கி, வரைபடங்களைத் தொகுத்து 1622இல் புத்தகமாகவே போட்டார்.

#4 மலைக்கோட்டை மணி

டூரின்வாசி சொன்ன தெருவுக்கு மூன்று முறை போனோம். முதல் முறை வெறுமனே நடந்தோம். இரண்டாம் முறை டுர்சி அரண்மனை, அதுதான் இப்போது நகராட்சி. வயலின் மேதை பகனினியின் வயலின் அங்கே இருக்கிறது. குவார்னெரி என்ற வயலின் செய்பவர் 1743இல் செய்தது, சத்தம் பெரிதாக இருப்பதால் பகனினி அதற்கு வைத்த பெயர் பீரங்கி. மூன்றாம் முறை போனது மழைக்கு ஒதுங்க.

அவசரம் தம்பி, அழுக்கு என்றீர்கள். மறுக்கவில்லை. துறைமுகத்தை ஒட்டிய சில சந்துகளில் இரவு நானும் கால் வைக்கவில்லை. ஆனால் காலையில் அதே சந்தில் மீன்கடை, பக்கத்தில் காலணி தைக்கிறவர், மேலே நாலாவது மாடியிலிருந்து கொடியில் ஈரப் போர்வை சொட்டுகிறது. மூலை திரும்பினால் சுவரில் மாடம் வைத்து மாதா சிலை. நம்ம தெருமுனைப் பிள்ளையார் மாதிரி, ஆனால் கொஞ்சம் உயரத்தில். எனக்கு அன்னியமாகவே படவில்லை.

இப்போது முழங்கால் விஷயம். மலையில் ஊரைக் கட்டியவர்கள் நூறு வருடத்துக்கு முன்பே ஏறுவதற்கும் வழி செய்துவிட்டார்கள். இழுவை ரயில்கள் இருக்கின்றன, மலைக்குள் குடைந்த பொது மின்தூக்கிகள் இருக்கின்றன. போர்த்தெல்லோ சதுக்கத்தில் ஒரு சுரங்க வழி, ஓடு பதித்த சுவர்கள். ஏதோ ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி நடந்து உள்ளே போனால் மின்தூக்கி. மேலே கதவு திறந்தால் கஸ்தெல்லெத்தோ, ஊர் முழுக்கக் காலடியில். 1909இலிருந்து ஓடுகிறதாம். கூரை எல்லாம் சாம்பல் நிறக் கற்பலகை. வெயில் பட்டால் மீன் செதில் மாதிரி மின்னுகிறது. தூரத்தில் கலங்கரை விளக்கம், கிரேன்கள், கப்பல்கள்.

இன்னொன்று அதைவிட விசித்திரம். வீயா பால்பி தெருவிலிருந்து தல்பெர்த்திஸ் என்ற கப்பல் தலைவரின் கோட்டைக்குப் போவது. பெட்டிக்குள் ஏறி நின்றோம். மேலே போகும் என்று பார்த்தால், மலைக்குள் நேராகத் தண்டவாளத்தில் 200 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அப்புறம் நின்று, யோசித்து, அதே பெட்டி செங்குத்தாக மேலே ஏறுகிறது. மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் நாள் கோபம் அங்கேதான் தீர்ந்தது. ஆகவே அதில் நான்கு முறை போனோம்.

சின்க்கே தெர்ரே போகவில்லை. அதற்கான நாளில் சான் லொரென்ஸோ தேவாலய வாசலில் நாயைத் தேடிக்கொண்டிருந்தோம். முகப்பில் சிற்ப வேலைக்கு நடுவே சின்னதாக ஒரு நாய் தூங்குகிறது, கண்டுபிடிக்க வேண்டும் என்று தங்கியிருந்த வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டார். கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட முகப்பு, ஒரு அங்குலம் விடாமல் செதுக்கல். முக்கால் மணி நேரம். மனைவிதான் கண்டுபிடித்தார். எனக்குக் காட்டவும் மாட்டேன் என்றார்.

உள்ளே ஒரு மூலையில் பீரங்கிக் குண்டு ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9 அன்று பிரிட்டிஷ் கப்பல்கள் ஊரைச் சுட்டபோது 381 மில்லிமீட்டர் குண்டு ஒன்று கூரையைத் துளைத்து உள்ளே விழுந்து, வெடிக்கவில்லை. காட்சிக்கு வைத்திருப்பது அந்த ரகக் குண்டு. என் மார்பு உயரம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஒரு பாட்டி சாவகாசமாக மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

#5 கப்பல்காரன்

ஜெனோவா பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். சரக்குக் கப்பலில் இருந்தபோது ஐந்தாறு தடவை அந்தத் துறைமுகம். அப்போதெல்லாம் ஊருக்குள் போக நாலு மணி நேரம் கிடைத்தால் பெரிய விஷயம், அதனால் மணி அண்ணன்மேல் பொறாமை.

எங்களுக்கு ஜெனோவா என்றால் லந்தேர்னாதான். கலங்கரை விளக்கம். இப்போதைய உருவம் 1543. உயரம் 77 மீட்டர், அது நிற்கிற பாறையைச் சேர்க்காமல். ராத்திரி தூரத்திலிருந்து அதன் வெளிச்சம் தெரிந்தால் காலையில் வீட்டுக்குப் பேசலாம் என்று கணக்கு. பார்வையாளர்களை 172 படி வரைக்கும் ஏறவிடுவார்கள். அண்ணியைக் கூட்டிப்போகவில்லை என்று நம்புகிறேன்!

2013 மே மாதம் ராத்திரி வேளையில் துறைமுகத்திலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று மோதி, மாலுமி வழிகாட்டிகளின் கட்டுப்பாட்டுக் கோபுரம் அப்படியே சரிந்தது. ஒன்பது பேர் போனார்கள். வானொலிக் கருவியில் கேட்ட குரல்களுக்கு முகம் தெரியாது எங்களுக்கு. அந்தச் செய்தி வந்த அன்று கப்பலில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

சரி, நல்லதாக ஒன்று. ஜெனோவாக்காரர்கள் முணுமுணுப்பில் பேர் போனவர்கள். அதற்கே முகுன்யோ என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். பழைய காலத்தில் கப்பலில் வேலைக்குச் சேரும்போது இரண்டு விதமான ஒப்பந்தம் உண்டாம். முணுமுணுக்காமல் வேலை செய்தால் கூடுதல் சம்பளம். முணுமுணுக்கும் உரிமையோடு சேர்ந்தால் சம்பளம் குறைவு. பெரும்பாலானவர்கள் குறைந்த சம்பளத்தையே எடுத்தார்கள் என்று கதை சொல்வார்கள். உண்மையோ கட்டுக்கதையோ, எங்கள் தலைமை எஞ்சினியர் அந்த ஊர்க்காரர். நம்பலாம்.

#6 அவசரக்குடுக்கை

அப்படியானால் இந்த மன்றத்தில் எனக்குச் சம்பளமே கிடையாது. :)

மணி சார், நாய்க்கு முக்கால் மணி நேரமா... சரி விடுங்கள். சாப்பாடு என்ன செய்தீர்கள்? நீங்கள் சைவம் என்று நினைவு. எனக்கு அங்கே பட்டினிதான் கிடைத்தது. சதுக்கத்து உணவகம் ஒன்றில் உட்கார்ந்ததற்கே தலைக்கு மூன்று யூரோ தீட்டினார்கள்.

#7 மலைக்கோட்டை மணி

இது அவர் இல்லை, நான் அவர் மனைவி. அவர் மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருக்கிறார். இழையைப் படித்தேன், சில திருத்தங்கள்.

ஒன்று, பேசுவதை நிறுத்தியது வீட்டு எண்ணுக்காக இல்லை. வழி கேளுங்கள் என்று நான் நான்கு முறை சொல்லியும் இவர் கேட்காததற்காக. இரண்டு, லந்தேர்னா ஏறினேன். 172 படியும். மெதுவாகத்தான், உட்கார்ந்து உட்கார்ந்து. இவர்தான் பாதியில் மூச்சு வாங்கினார்.

சாப்பாடு பற்றிக் கேட்ட தம்பிக்கு: உட்கார்ந்ததற்குப் போடும் காசு கொபெர்த்தோ, இத்தாலியில் பரவலாக உள்ள வழக்கம், விலைப்பட்டியலில் அடியில் எழுதியிருக்கும். காபியை நின்றுகொண்டே குடித்தால் விலையும் குறைவு. சைவத்துக்கு ஜெனோவாவில் என்ன பஞ்சம்? காலையில் ஃபொக்காச்சா. ஒரு விரல் தடிமன் ரொட்டி, மேலே விரலால் குழி குழியாக அமுக்கி, குழியில் ஆலிவ் எண்ணெயும் உப்பும் தேங்கி நிற்கும். அதைக் காபியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள்! முதல் நாள் முகத்தைச் சுளித்தேன். மூன்றாம் நாள் நானும் முக்கினேன்.

பெஸ்தோ என்ற பச்சைத் துவையல் இந்த ஊர்ச் சரக்கு. நம்ம திருநீற்றுப்பச்சை இருக்கிறதே, சப்ஜா விதை எடுக்கிற செடி, அதன் ரகம்தான் அவர்களுடைய பஸிலிக்கோ. ஊருக்கு மேற்கே பிரா என்ற இடத்தில் விளைவதுதான் உசத்தி. இலை சின்னதாக இருக்கும்போதே பறித்துவிடுகிறார்கள், நாள் போனால் புதினா வாசம் ஏறிவிடுமாம். பளிங்கு உரல், மரக் குழவி. பூண்டு, கல் உப்பு, பைன் கொட்டை, இலை, இரண்டு வகைப் பாலாடைக்கட்டி, எண்ணெய். இடிக்கக் கூடாது, உரலின் சுவரில் இழைக்க வேண்டும். துவையல் அரைத்த கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. த்ரோஃபியே என்று முறுக்கின மாவுத் துண்டுகளோடு உருளைக்கிழங்கும் பீன்ஸும் போட்டு வேகவைத்து, அதில் பிசறித் தருகிறார்கள். ஆசாரம் பார்ப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பாலாடைக்கட்டிகளில் ஒன்றான பார்மிஜானோவை உறையவைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதிதான் சேர்க்கிறார்கள். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டது மூன்றாவது தட்டுக்குப் பிறகு.

இவர் ஸ்தாலியெனோ பற்றி எழுதவே இல்லை. எனக்கு அந்த ஊரில் மனதில் நின்றது அதுதான். கல்லறைத் தோட்டம். விடுமுறைக்குப் போன இடத்தில் சுடுகாடு எதற்கு என்று இவர் வர மறுத்தார், இழுத்துக்கொண்டு போனேன். 1851இல் திறந்தது. நீள நீளமான மண்டபங்கள், பணக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் பளிங்குச் சிலை வைத்திருக்கிறது. அழுகிற விதவை, கதவைத் தட்டுகிற மனைவி, தேவதை. இத்தாலி ஒன்றுபடப் பாடுபட்ட மத்சீனியின் கல்லறையும் அங்கேதான்.

அவர்களுக்கு நடுவில் ஒரு வியாபாரிக் கிழவி நிற்கிறாள். கத்தரீனா கம்போதோனிகோ. திருவிழாக்களில் கொட்டை விற்றவள். கையில் கொட்டைகளை நூலில் கோத்த மாலைகள், வளைய ரொட்டிகள். வெயிலிலும் காற்றிலும் கொட்டுகிற மழையிலும் விற்றேன் என்று அவள் சொல்வதாகக் கீழே ஜெனோவா மொழியிலேயே பாட்டு வெட்டியிருக்கிறது. சம்பாதித்ததைச் சேர்த்துவைத்து, உயிரோடு இருக்கும்போதே, 1881இல், ஒரெங்கோ என்ற சிற்பியிடம் பணம் கொடுத்துத் தன் சிலையைச் செய்யச் சொல்லியிருக்கிறாள். நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள் போல. சால்வையின் குஞ்சம் ஒவ்வொன்றும் தனித்தனியாக, பாவாடையின் கொசுவம், காதில் தொங்கட்டான். கைகள் மட்டும் அப்படியே வேலை செய்த கைகள், முட்டி தடித்து. என் அப்பாயி நுங்கு விற்றவர். இரண்டு புகைப்படம்கூட இல்லை அவருக்கு. அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். இவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார், அது அதிசயம்.

#8 காயல்வாசி

அக்கா, நல்லா எழுதியிருக்கீங்க. இனி நீங்களே எழுதுங்க.

எங்கள் ஊர்க்காரன் ஜெனோவாவைப் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. துறைமுகத்துக்கு எதிரே சுவர் முழுக்க ஓவியம் தீட்டிய சான் ஜோர்ஜோ அரண்மனை என்று ஒன்று உண்டு, 1260இல் கட்டியது. வெனிஸும் ஜெனோவாவும் கடலில் அடித்துக்கொண்ட காலத்தில் பிடிபட்ட மார்க்கோ போலோவை அங்கேதான் அடைத்து வைத்தார்கள் என்பது ஊர் மரபு. சிறையில் கூட இருந்தவர் பீசா நகரத்து ருஸ்திசெல்லோ. இவர் சொல்ல அவர் எழுதினார். 1298 வாக்கில்.

அதில் மாபார் என்று வருவது பாண்டிய நாடு. முத்துக்குளிப்பு வருகிறது, வெற்றிலை வருகிறது. ஹோர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரை ஏற்றி வரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கும் என்று தனியாகவே சொல்கிறார். தாமிரபரணி முகத்தில் இருந்த பழைய காயல்தான் அது என்று பிற்காலத்தில் தேடிச் சொன்னவர் கால்டுவெல். எனக்குப் பிடித்தது வேறு இடம். அந்த நாட்டு ஆட்கள் பாத்திரத்தில் வாய் வைக்க மாட்டார்கள், மேலே தூக்கிப் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்வார்கள் என்று வியந்து சொல்லியிருக்கிறார். நாம் அண்ணாந்து தண்ணீர் குடிக்கிறதை ஜெனோவாச் சிறையில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்ல, இன்னொருத்தர் பிரெஞ்சு கலந்த பாஷையில் எழுதிக்கொண்டிருக்கிறார். நினைத்துப் பாருங்கள்.

#9 மலைக்கோட்டை மணி

தொட்டி வேலை முடிந்து வந்து பார்த்தால் என் மானம் கப்பலேறியிருக்கிறது. மூச்சு வாங்கியது உண்மை.

காயல்வாசி, இதை முன்பே சொல்லியிருக்கக் கூடாதா! அந்த அரண்மனைக்கு எதிரே தினமும் சாயங்காலம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். மனைவி தண்ணீர் பாட்டிலை அண்ணாந்து குடித்தார். பக்கத்தில் இருந்த ஒரு சின்னப் பையன் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, தானும் அப்படிச் செய்து சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டான். அவன் அம்மா எங்களை முறைத்தாள்.

அந்தச் சுவர் ஓவியம் பற்றி ஒரு வார்த்தை. ஊர் முழுக்க இந்த ஏமாற்று உண்டு. தூணும் சிற்பமும் சன்னலும் இருப்பது போலத் தெரியும், கிட்டே போனால் எல்லாம் வெறும் சாயம். ஒரு வீட்டில் பாதி திறந்த சன்னலும் வரைந்து, பக்கத்தில் அதே மாதிரி உண்மைச் சன்னல். எது நிஜம் என்று பந்தயம் கட்டினோம். மூன்று ஐஸ்கிரீம் தோற்றேன்.

#10 டூரின்வாசி

நீங்கள் அங்கே இருந்தபோது ஏப்ரல் 25 வந்திருக்குமே? விடுதலை நாள். 1945இல் ஜெனோவாவில் ஜெர்மன் தளபதி நேச நாட்டுப் படை வந்து சேருமுன்பே, உள்ளூர் எதிர்ப்புப் படையிடம் கையெழுத்துப் போட்டுச் சரணடைந்தார். அதில் அந்த ஊருக்குப் பெருமை ஜாஸ்தி.

அப்புறம் கூரைக் கற்பலகை பற்றி மணி சார் சொன்னாரே. அதற்குப் பேர் போன இடங்களில் ஒன்று கிழக்கே கடலோரத்தில் இருக்கும் லவாஞ்ஞா. இத்தாலியனில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகைக்கே லவாஞ்ஞா என்றுதான் பெயர்.

#11 அவசரக்குடுக்கை

சரி, தோல்வியை ஒப்புக்கொள்கிறேன், பாதி. அடுத்த தடவை இரண்டு நாள் ஒதுக்குகிறேன். ஆறு நாள் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் கட்டும்.

மணி சார் போட்ட படத்தில் கையில் காகிதத்தில் மஞ்சளாக ஏதோ இருக்கிறதே, அது என்ன? தோசையா?

#12 மலைக்கோட்டை மணி

மறுபடி நான்தான், அவர் மனைவி. அது ஃபரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். 1284இல் மெலோரியா சண்டையில் பீசாவை ஜெயித்துத் திரும்புகையில் புயலில் கப்பலுக்குள் மாவும் எண்ணெயும் கடல்தண்ணீரும் கலந்துபோய், பசிக்கு அதை வெயிலில் காயவைத்துச் சாப்பிட்டதில் பிறந்தது என்று கடைக்காரர் சொன்னார். அவர் கடையில் செம்புத் தட்டு ஒன்று, கல்யாண வீட்டு அகலம், உள்ளே ஈயம் பூசியது. விறகு அடுப்புக்குள் அதை நீளக் கம்பியால் தள்ளிச் சுழற்றுகிறார். வெளியே வரும்போது விளிம்பு மொறுமொறு, நடுவில் மெத்து. மேலே மிளகைத் தட்டிப்போட்டுக் காகிதத்தில் சுருட்டித் தருகிறார்.

அளவு: மாவு 300 கிராமுக்குத் தண்ணீர் 900 மில்லி. கட்டியில்லாமல் கரைத்து நான்கு மணி நேரம் ஊறவிட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிடவும். அப்புறம் உப்பும் அரைக் கிண்ணம் எண்ணெயும். தட்டில் அரை விரல் உயரத்துக்கு மேல் ஊற்றக் கூடாது. அடுப்பு எவ்வளவு சூடாகுமோ அவ்வளவு சூடு.

ஊருக்கு வந்து வீட்டு அடுப்பில் முயன்றேன். நம்ம கடலை மாவில் செய்தால் பச்சை வாசம் போக மாட்டேன் என்கிறது. வெள்ளைக் கொண்டைக்கடலையை வாங்கி மில்லில் அரைத்த பிறகுதான் சரியாக வந்தது. மீதி மாவை மறுநாள் காலை தோசைக்கல்லில் ஊற்றினேன். இவர் அடை என்று நினைத்து அவியலோடு நான்கு சாப்பிட்டுவிட்டு, இன்றைக்கு அடையில் பெருங்காயம் போட மறந்துவிட்டாயா என்றார்.